ஒரு கிண்ணம் நீலம்

எனக்கு எதையும் வீணாகக் கொட்டுவது பிடிக்காது, ரபி அவர்களே. வீட்டில் குழம்புச் சட்டியைக்கூடச் சோறு போட்டுப் பிரட்டி எடுத்த பிறகுதான் கழுவ விடுவேன். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாக விளங்கும். நீங்கள் எழுதித் தரச் சொன்னீர்கள், தமிழில் எழுதுகிறேன். என் மகள் றொஷினி பிரெஞ்சில் மாற்றித் தருவாள்.

சென்ட் லோரன்டில் மிஸ்டர் லெவினின் சாயப் பட்டறையில் எனக்கு மூன்று வருட வேலை. உங்கள் யூத ஆட்கள் செபச் சால்வையின் மூலைகளில் கட்டும் குஞ்சத்துக்கு நீல நூல் செய்கிறோம். வேதத்தில் சொன்ன அந்த நீலம் ஆயிரம் வருடத்துக்கு மேல் தொலைந்து கிடந்ததாம். கடல் நத்தைக்குள் அதைத் திரும்பக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டதும், மிஸ்டர் லெவின் வீட்டை விற்றுப் பட்டறை போட்டார். தங்கமான மனுசன். என் பிறந்தநாளை நானே மறந்தாலும் அவர் கேக்கோடு வந்து நிற்பார்.

பானையில் சாயம் சரியாக வந்ததா என்று பார்ப்பது என் வேலை. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, துண்டுக் கம்பளி நூலைத் தோய்த்துப் பார்க்க வேண்டும். பார்த்ததும் கிண்ணத்தைக் கொட்டிவிட வேண்டும். சோதித்த சாயம் பானைக்குத் திரும்பினால் உங்கள் வேதச் சட்டப்படி பானை முழுவதும் செல்லாது. பிறகு அது வெறும் நீல நூல். முதல் நாளே மிஸ்டர் லெவின் என் இரண்டு கையையும் பிடித்துச் சொன்னார். எனக்கு நன்றாக விளங்கியது.

ஆனால் ஒரு கிண்ணத்தில் எத்தனை நத்தையின் உயிர்! கொட்ட மனம் வருமா? திரும்ப ஊற்றினேன். அடுத்த பானையிலும் ஊற்றினேன். மூன்று வருடத்தில் ஒரு பானையும் தப்பவில்லை. நிறத்தில் மயிரிழை வித்தியாசம் கிடையாது. ஒருவர் சாகக் கிடந்த தகப்பனுக்கென்று அழுதபடி வாங்கிப் போனார். கிழவர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே சிரித்த முகத்தோடு கண்ணை மூடினாராம். கேட்க எனக்கு வயிறு நிறைந்தது.

கூட வேலை செய்த ஞானேந்திரன் ஒருநாள் கண்டுவிட்டான். நான் எடுத்துக் கொடுத்த வேலை அவனுக்கு.

"அண்ணை, ஊத்தாதேங்கோ. அந்த மனுசன் எங்களை நம்பியெல்லோ விட்டிருக்கிறார்."

"ஒரு கிண்ணம்தானேடா. நீ உன்ர வேலையைப் பார்."

தை மாதம், யாரோ திரும்ப ஊற்றிய அடையாளமாகப் பானை விளிம்பில் நீலத் துளி காய்ந்திருந்ததை மிஸ்டர் லெவின் கண்டார். என்னைக் கேட்டார். ஞானேந்திரனுக்குக் கவனம் கொஞ்சம் குறைவு என்றேன். பொய்யில்லை, இரண்டு தரம் தொப்பியை பஸ்ஸில் விட்டவன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தான். வேலை போனது. குளிரில் நடக்க விடாமல் மெட்ரோ வரை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். ஹீட்டரையும் கூட்டி வைத்தேன்.

அவன் போன பிறகும் துளி காய்ந்திருந்ததால் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். மூன்று வருட நூலையும் அவிழ்க்கச் சொன்னால் மிஸ்டர் லெவின் தெருவுக்கு வந்துவிடுவார். அந்தப் பாவம் உங்களைச் சேரும், யோசித்துச் செய்யுங்கள்.

என் பக்தியில் மட்டும் சந்தேகப்படாதீர்கள். போன ஈஸ்டருக்கு எங்கள் கோயிலில் மெழுகால் செய்த பாஸ்கா திரிக்குப் பதிலாக பாட்டரி விளக்கு வைத்தார்கள். அன்றே வேறு கோயிலின் பங்குக்கு மாறிவிட்டேன். கடவுள் காரியத்தில் கள்ளம் செய்கிறவர்களோடு எனக்குச் சரிவராது.

இப்படிக்கு,
கிறிஸ்தோப்பர்