கதவு வைத்த கப்பல்

கரோல் பாக்கில் மெட்ரோ ஏறியதும், எதிர் சீட்டில் ஒரு தமிழ்த் தம்பதி. கணவர் மடியில் லேப்டாப். அவர் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தேன்.

"கதவு வைக்காம கப்பலை சேவ் பண்ண விடமாட்டேங்குதும்மா."

"அலமாரியில வைக்கிற மாடல் கப்பலுக்கு எதுக்குங்க கதவு?"

"இது வீட்டு பிளான் போடற சாஃப்ட்வேர். புதுசா வரையறவங்களுக்கு இதுதான் சுலபம்னாங்க."

"கதவு வழியா தண்ணி உள்ள வராதா?"

"வாசப்படி வச்சிருக்கேன்."

அந்த அம்மாள் தலையாட்டினார். "அச்சா. வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கு?"

"தெற்கு."

"தெற்கு பார்த்த வாசலா? அந்தக் கப்பல் நம்ம வீட்டுக்குள்ளயே வரக்கூடாது!"

"திருப்பிடலாம்தான். ஆனா படத்தைத் திருப்பற வசதிக்கு மட்டும் தனியா காசு கேக்கறான்."

"கட்டித் தொலைங்க."