மாவு தூங்கும் நேரம்

ஈஸ்ட் போட்ட மாவுக்கு வெதுவெதுப்பும் அமைதியும் வேண்டும், மிஸ். பிசைந்து, ஈரத்துணியால் மூடி, தொந்தரவு செய்யாமல் விட்டுவிட வேண்டும். கைபேசியில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அதை 'மாவைத் தூங்கப் போடுவது' என்று நான் சொல்ல, அழகம்மா அக்காவும் அப்படியே சொல்லத் தொடங்கினார்.

அழகம்மா அக்கா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பு. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். நான் அவருக்கு உதவிக்கு இருந்தேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. வகுப்பே சிரிக்கும். அதனால் பாதியில் நின்றுவிட்டேன். குழந்தைகளிடம் மட்டும் எனக்குப் பேச வந்தது.

காம்பராவுக்கு யாரோ தானமாகக் கொடுத்த மின்சார அடுப்பு பெட்டி பிரிக்காமலே கிடந்தது. அதில்தான் கறுவாப்பட்டைத் தூளும் சீனியும் தூவிச் சுருட்டிய பணிஸ் ரொட்டி சுட்டேன். கித்துல்கல ஆற்றில் படகோட்ட வரும் வெள்ளைக்காரர்களுக்குத் தேநீர்க்கடை நடத்தும் ஆஸிக் நானாவிடம் அக்கா ஒன்றைக் கொடுத்தார்.

"நீயா புள்ள சுட்ட? சும்மா சொல்லாத."

"அவதான் நானா. வாயில ஈ பூந்தாலும் பேச மாட்டா. கைதான் பேசும்."

"அப்ப அந்தக் கையோட நாளைக்கும் கொண்டாங்க. வெள்ளக்கார சுத்தாமாருக்குக் குடுத்துப் பாப்போம்."

அதுவரை யாரும் என்னைப் பார்த்து அப்படி வாய்பிளந்ததில்லை.

அக்கா கிளினிக்குக்குப் போகும் நாட்களில் நான் தனியாக இருப்பேன். குழந்தை அழுதால் மாவுக் கையோடு ஓட வேண்டும்; திரும்பி வருவதற்குள் மாவு காய்ந்துபோகும். அலமாரியில் சளி மருந்துப் போத்தல் இருந்தது. அதைக் குடித்தால் குழந்தைகள் தூங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கொஞ்சமாகத்தான் கொடுத்தேன். தூங்கி எழுந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"ஒங்கிட்ட விட்டா மட்டும் எப்படிடி இப்படித் தூங்குறான்? வீட்டுல லயத்துச் சனத்தையே எழுப்பிப்புடுறான்," என்றாள் ஷாமிளா அக்கா. நடை பழகிக்கொண்டிருந்த தனுஷன் அவளுடைய மகன். எனக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அன்று விடாத மழை. அழகம்மா அக்கா கிளினிக்குக்குப் போயிருந்தார். குளிரில் மாவு எழும்பவேயில்லை. அதற்கு முன் தனுஷன் எழும்பிவிட்டான். மறுபடி மருந்து கொடுத்தேன். அவனுடைய போர்வையை எடுத்து மாவுப் பாத்திரத்தைச் சுற்றிவைத்தேன். மாவு நன்றாக உப்பி வந்தது. சுருட்டத் தொடங்கியபோது அவன் சிணுங்கினான். இன்னொரு தடவையும் கொடுத்தேன்.

தட்டை அடுப்புக்குள் வைத்த பிறகு ஷாமிளா அக்கா மலையிலிருந்து இறங்கி வந்து ஜன்னலருகே நின்றாள். தலையிலிருந்து மழைநீர் வடிந்துகொண்டிருந்தது.

"அவனப் பாத்துக்கிட்டு இருக்கியாடி?"

"பாத்துக்கிட்டுத்தான்க்கா இருக்கேன்."

"வாசத்துல வயிறு கூவுது. எனக்கொன்னு எடுத்து வையி. கங்காணி கத்துவாரு, நான் போறேன்."

அவள் மறுபடி மலைக்கு ஏறினாள். பணிஸ் பொன்னிறமாக வந்தது. தட்டை எடுத்து, ஆறவைத்து, மேலே சீனிப்பாகு ஊற்றினேன். அவளுக்கென்று ஒன்றைத் தனியாக எடுத்தும் வைத்தேன். பிறகுதான் தொட்டிலுக்குப் போனேன். அவன் உடம்பு குளிர்ந்திருந்தது.

அந்த மின்சார அடுப்பை நாங்கள் இங்கிலீசில் 'அவன்' என்றுதான் சொல்வோம். அவள் அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டேன் என நேற்று வாக்குமூலம் எழுத வந்த உங்களிடம் சொன்னேன். நீங்கள் அதை நம்பி, தண்ணீர் கொடுத்து, என் தலையைத் தடவினீர்கள். அந்த இடம் இன்னும் கூசுகிறது. எந்தத் தாய் ஓர் அடுப்பை விசாரிக்க மழையில் இறங்கி வருவாள்?

அவள் கேட்டது எனக்கு விளங்கியது. அவள் வருவதற்கு முன்பே நான் தொட்டிலை எட்டிப் பார்த்திருந்தேன். அவனுடைய உதடு நீலமாகியிருந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அவளை உள்ளே கூப்பிட்டிருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். அதற்குள் பணிஸ் கருகிவிடும் என்று நினைத்தேன்.