முனையில்லாத வரிசை

கோப்பிக்கு நன்றி. சீனி கொஞ்சம் கூட, பரவாயில்லை. பொலிஸ் அதிகாரி தமிழராக இருப்பது நல்லது. இதையே இந்த ஊர்ப் பிரெஞ்சில் சொன்னால் செய்த காரியம் நாகரிகமானது போலத் தோன்றிவிடும்.

கொன்ட்ரா நடனம் பார்த்திருக்கமாட்டீர்கள். சோடிகள் இரண்டு நீள வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் ஒலிவாங்கியில் அடுத்த அசைவைச் சொல்லச் சொல்ல ஆடி, சுற்றுக்கு ஓரிடம் நகர்வார்கள். முனைக்கு வந்த சோடி ஒரு சுற்று சும்மா நிற்கும். அந்த ஓய்வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதை எங்கள் சனத்துக்கு ஏற்றபடி மாற்றியவன் நான், கிறகரி. அடுத்தவர் மனைவியின் கையைப் பிடிக்கலாமா என்று எங்கள் தமிழ்ச் சங்கம் மூன்று கூட்டம் போட்டது. சால்வையின் தலைப்பை ஆளுக்கொன்றாகப் பிடிக்கலாம் என்றேன். சால்வைக்குப் பஞ்சமில்லை: தலைவர் கிருபானந்தனுக்குப் போர்த்தியவையே இரண்டு பெட்டி இருந்தன. ஆண்டு மலரில் 'நடன ஆக்கம்: கிருபானந்தன்' என்று வந்தது. கேட்டேன்.

"உமக்கேன் பேர், கிறகரி? கலை சமூகத்தின்ரை சொத்தெல்லோ."

அவருடைய பெயர் மலரில் பதினொரு இடத்தில் இருந்தது.

நான் கோபப்படவில்லை. ஆட்டத்தில் ஒரு குறையைத் திருத்தினேன், அவ்வளவுதான். முனையில் நிற்கும் எங்கள் ஆட்கள் வீட்டு விலை கதைப்பார்கள், ஆட்டம் குலைந்துவிடும். ஆகவே வரிசைகளை வளைத்து வட்டமாக்கினேன். வட்டத்துக்கு முனை கிடையாது.

தலைவருக்கு நெஞ்சு வருத்தம். முனையில் நிற்கும்போதுதான் நாக்குக்கடியில் மாத்திரை வைப்பார். அவருடைய மனைவி கிறேஸ் என்னிடம் வந்து கேட்டார்.

"அண்ணை, இவர் இடையிலை ஆறலாமெல்லோ?"

"ஓம் தங்கச்சி, யோசியாதையுங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சங்க விழாவன்று புவாண்ட்-கிளேர் மண்டபத்தில் இருக்க இடமில்லை. ஒலிவாங்கி என்னிடம். ஆறாம் சுற்றில் தலைவரின் முகம் வெளுத்தது. ஏழாவதில் என்னைக் கடந்தபோது, "கிறகரி, இன்னும் எத்தினை?" என்றார்.

"ரெண்டு, அண்ணை. சனம் பாக்குது."

சனம் பார்க்கிறது என்றால் அவர் விலகமாட்டார். வலது கை சட்டைப்பைக்குப் போவதைக் கண்டேன். "ரெண்டு கையும் சால்வையிலை," என்று ஒலிவாங்கியில் சொன்னேன். கையை எடுத்துவிட்டார். ஆக்கியவரே அசைவைத் தவறவிடலாமா? அதன்பின் நான் ஐந்து சுற்று சொன்னேன். ஐந்தாவதை அவர் முடிக்கவில்லை.

இயற்கை மரணம் என்று எழுதிக்கொடுத்தார்கள். ஒருவருக்கும் என்மேல் சந்தேகமில்லை. கிறேஸ் இன்னும் எனக்குச் சாப்பாடு கட்டி அனுப்புகிறார். கணவருடைய கடைசிச் சந்தோஷம் நான் கொடுத்ததாம். அதைச் சாப்பிடவும் முடிகிறது.

நீங்கள் என்னைத் தேடவில்லை, நானாகத்தான் வந்தேன். மனச்சாட்சி, வேறென்ன. நேற்று முப்பத்தோராம் நாள் நினைவு மலர் வந்தது, கொண்டுவந்திருக்கிறேன். நாலாம் பக்கம் பாருங்கள்: 'தலைவரின் இறுதிப் படைப்பு, வட்டக் கொன்ட்ரா.'

அது பிழை. அந்த வட்டம் என்னுடையது. வாக்குமூலத்தில் என் பெயரை முழுதாக எழுதுங்கள்.