என் பக்கக் கதவு

மேல ஒட்டறதெல்லாம் வேணாம் மாஸ்டர். கதவோட உள்பக்கப் பேனலைக் கழட்டித்தான் செய்யணும். எங்க வீட்டுக்காரரு என்ன வேணா சொல்லிட்டுப் போகட்டும். காரை விட்டுட்டுப் போறப்ப உங்ககிட்ட சொன்னதை நானும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுதானே இருந்தேன்? கதவைப் பிரிக்காதீங்க, கிழிஞ்ச துணி மேலயே புதுத் துணியை ஒட்டி ஓரத்தைச் சொருகிடுங்க, போதும்னாரு. ஆபீஸ்ல ஃபைல் பாக்கறவரு உங்களுக்குக் கதவு வேலை சொல்லித் தர்றாரு, நீங்களும் சரி சார், சரி சார்னு தலையாட்டறீங்க. கார் சீட்டு தைச்சே முடி நரைச்ச ஆளு நீங்க.

தொட்டுப் பாருங்க. துணிக்கு அடியில இருக்கற ஸ்பாஞ்ச் மாவு மாதிரி உதிருது. இது மேல ஒட்டினா ரெண்டு வெயில் தாங்குமா? புண்ணுக்குப் புனுகு தடவற கதைதான்... ஆங், அப்படி வாங்க வழிக்கு. தாங்காதில்ல? அப்ப கழட்டுங்க.

கன்வென்ட்ல எங்களுக்குத் தையல் கிளாஸ் எடுக்க ஒரு சிஸ்டர் வருவாங்க. ராத்திரியெல்லாம் கண்ணு வலிக்க ரோஜாப்பூ போட்டு எடுத்துட்டுப் போவோம். பூவைப் பாக்கவே மாட்டாங்க. துணியை அப்படியே திருப்புவாங்க. பின்பக்கம் முடிச்சும் நூலும் தொங்கிச்சுன்னா விரல் முட்டியிலயே ஸ்கேலால ஒண்ணு விழும். முன்பக்கத்தை யாரு வேணா அழகா காட்டலாம்டீ, பின்பக்கத்தைக் காட்டுன்னு கத்துவாங்க. அன்னிக்கு அந்தம்மாவைத் திட்டாத நாளில்ல. இப்ப எங்க போனாலும் பின்பக்கத்தைத்தான் பாக்கத் தோணுது.

இருங்க, போன். அவருதான்.

சொல்லுங்க... ம், கார் பக்கத்துலயேதான் நிக்கறேன்... எங்க போகப் போறேன்? ... இல்லீங்க, கழட்டலை. மேலதான் ஒட்டப் போறாரு, துணி வெட்டிக்கிட்டு இருக்காரு... உங்களை இன்னும் கூப்பிடலையா? ... சரி, பயப்படாம வாயைத் திறங்க, ஊசி போட்டா மரத்துப் போயிடும்... ம்... ம்... வைக்கறேன்.

அப்படிப் பாக்காதீங்க மாஸ்டர். ஆமா, பொய்தான் சொன்னேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், வாயில ஸ்க்ரூவைக் கவ்விக்கிட்டு நில்லுங்க, போதும். தெருக்கோடி பல் டாக்டர்கிட்ட உள்ள போயிட்டாருன்னா ஒரு மணி நேரம் வெளிய வர முடியாது. ரூட் கேனால். அப்பாயின்ட்மென்ட் வாங்கினதும் நான், நாள் பாத்ததும் நான். ஒரு மணி நேரத்துல முடிச்சுடுவீங்க இல்ல? ... ஒரு கதவுதானே!

அந்தக் கைப்பிடிக் குழியில சின்னதா ஒரு மூடி இருக்கும், நெம்புங்க. அதுக்குள்ள ஒரு ஸ்க்ரூ. கீழ ரெண்டு. அப்புறம் சுத்திவர கிளிப்தான். கீழ்ப் பக்கத்துலேர்ந்து இழுத்துக்கிட்டு வந்து, கடைசியில மேல தூக்கணும்... எப்படித் தெரியும்னா? பதினோரு வீடியோ பாத்தேன். மத்தியானம் பாத்திரம் கழுவின கையோட. எல்லா ஊர்க்காரனும் இந்தக் கதவைத்தான் பிரிக்கறான்.

அப்ப நீங்களே செஞ்சிருக்கலாமேன்னு கேக்கறீங்களா? செஞ்சிருப்பேன். ஸ்க்ரூ டிரைவர் அவரு பீரோவுல இருக்கு, பீரோ சாவி கார் சாவியோட இருக்கு, கார் சாவி அவரு பாக்கெட்ல இருக்கு. அவரு பொருள் எதுவும் இடம் மாறக்கூடாது. ஆனா என் தையல் பெட்டி மட்டும் தர்ம சத்திரம். போன வருஷம் மெழுகு தடவின கறுப்பு நூல், பை தைக்கறதுக்காகத் தேடித் தேடி வாங்கினது, முழு உருண்டையும் காணோம். கேட்டா, எலி தூக்கிட்டுப் போயிருக்கும்ங்கறாரு. எங்க வீட்டு எலிக்கு மெழுகு நூல் கேக்குது பாருங்க.

மெதுவா! ... கிளிப் உடைஞ்சா என்ன, வேற போட்டுக்கலாம். சத்தம்தான் தூக்கிப் போட்டுடுச்சு.

என்ன, கிழிசலையே திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க? அவருதான் உங்ககிட்ட சொன்னாரே, குடைக்கம்பி. மழையில நான் குடையை மடக்கறப்ப கிழிச்சுட்டேன். அவசரக்காரி, எதையும் பாத்துச் செய்யத் தெரியாது. அதையும் சொன்னாரு இல்ல? ... குடைக்கம்பி ரூல் போட்ட மாதிரி நேரா கிழிக்காதா? நல்ல குடை மாஸ்டர் அது. நீங்க துணியை உரிங்க.

நாங்க வந்து இறங்கினப்ப பாத்தீங்களே. வண்டியை நிறுத்தினாரு, இறங்கினாரு, முன்பக்கமா சுத்தி வந்தாரு, எனக்குக் கதவைத் திறந்து விட்டாரு. எதிர்க்கடை டீக்காரரு பாலை ஆத்தறதை விட்டுட்டு வேடிக்கை பாத்தாரு. எங்க போனாலும் இதே கூத்துதான், ஒரு வருஷமா. கல்யாண வீட்டு வாசல்ல, ஆஸ்பத்திரி வாசல்ல, காய்கறிக் கடை வாசல்ல. என் நாத்தனாரு இருக்காளே, அவ வீட்டுக்காரரை எங்க அண்ணனைப் பாருங்கன்னு இடிச்சு இடிச்சு அந்த மனுஷன் இப்ப எங்க கார் வந்தாலே பாத்ரூம்ல போய் ஒளிஞ்சுக்கறாரு. குடுத்து வச்சவ நீங்கறாங்க எல்லாரும். இருபத்தாறு வருஷம் ஆகியும் பொண்டாட்டியை ராணி மாதிரி இறக்கி விடறாராம்.

நானும் பல்லைக் காட்டிக்கிட்டே இறங்குவேன். வேற என்ன பண்ண?

என் பொண்ணு வெளியூர்ல வேலை பாக்கறா. அவளுக்கு இப்ப மாப்பிள்ளை பாக்கறோம். போன வாரம் போன்ல சொல்றா, அம்மா, படிப்பு கிடிப்பெல்லாம் ரெண்டாம்பட்சம், அப்பா மாதிரி கதவு திறந்து விடற ஆளாப் பாருன்னு.

கையில இருந்த டம்ளரைக் கீழ வச்சேன் நான்.

ம், இந்தத் துணிதான். சாம்பல் நிறத்துல மெல்லிசா நீலக் கோடு. மத்த மூணு கதவோட ஒத்துப் போகணும். அவரு கண்ணு கழுகுக் கண்ணு. கோடு வளைஞ்சா உடனே பிடிச்சுடுவாரு. நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நீவுங்க, இழுக்காதீங்க... சரி சரி, உங்களுக்குத் தெரியும். வாய் என்னுது, சும்மா இருக்காது. பசை எவ்வளவு நேரம் காயணும்? ... கால் மணி நேரமா? நல்லது.

அவரு போன் வந்து இருபது நிமிஷம் ஆச்சு. உள்ள போயிட்டாரு. வாயில மெஷினை வச்சிருப்பாங்க, இப்ப பேச முடியாது. எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க!

மாஸ்டர், பசை காயற நேரத்துல ஒரு சின்ன வேலை. கதவு எலும்புக்கூடு மாதிரி நிக்குதே, அதுல ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் ஷீட், மழைத்தண்ணி உள்ள வராம இருக்க வச்சிருப்பாங்களே, அதை இந்த மூலையில கொஞ்சம் உரிச்சுப் பாருங்களேன். உள்கைப்பிடியிலேர்ந்து பூட்டுக்கு ஒரு கம்பி போகணும். போகுதான்னு பாருங்க. டார்ச் இந்தாங்க, கொண்டு வந்திருக்கேன்.

உள்ளேர்ந்து இந்தக் கதவு திறக்காது. நீங்க கைப்பிடியை இழுத்துப் பாக்கலையா? தொளதொளன்னு ஆடும், ஆடிப் போன பல்லு மாதிரி. உள்ள ஏதோ உடைஞ்சிடுச்சு, இந்த மாடலுக்கு இப்ப பார்ட்டே வர்றதில்ல, அதனால என்ன, நான் திறந்து விடறேன்னாரு. ஒரு வருஷம் ஆச்சு.

கண்ணாடியை இறக்கி வெளிய கையை விடலாமேன்னு கேப்பீங்க. கண்ணாடிக்கும் லாக் அவரு பக்கம்தான். பின்சீட்டுக் கதவுல பொண்ணு சின்னதா இருந்தப்ப போட்ட குழந்தைப் பூட்டு அப்படியே இருக்கு. டிரைவர் பக்கமாத் தாண்டிப் போகணும்னா, இந்த இடுப்போட, இந்தப் புடவையோட, கியரைத் தாண்டி நான் போறதை ஊரே நின்னு பாக்கும். ஒரு நாள் மருந்து வாங்கிட்டு வர்றேன்னு நிறுத்திட்டுப் போனாரு. உச்சி வெயில். கடைக்குள்ள யாரையோ பாத்துப் பேசிக்கிட்டு நிக்கறாரு, எனக்கு இங்கேர்ந்து தெரியுது. பக்கத்துல போற ஒருத்தர்கிட்ட கண்ணாடியைத் தட்டினேன். அவரு சிரிச்சுக்கிட்டே கையாட்டிட்டுப் போயிட்டாரு.

தெரியுதா? டார்ச்சைக் கிட்ட கொண்டு போங்க.

கைப்பிடி போறதுக்கு முன்னாடி நடந்ததையும் சொல்லிடறேன். அவரு ஆபீஸ்ல ஒரு விருந்து. மேலதிகாரி எதிர்ல ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தப்பாச் சொன்னாரு. நான் திருத்திட்டேன். வேணும்னு இல்ல மாஸ்டர், பழக்க தோஷம், பன்னெண்டு வருஷம் கன்வென்ட்ல அடி வாங்கினது சும்மா இருக்குமா? திரும்பி வர்றப்ப ஆரம்பிச்சாரு. கத்த மாட்டாரு. அவரு கத்தி ஒரு நாள் பாத்ததில்ல. ரோட்டைப் பாத்துக்கிட்டே, மெல்லிசா, ஒரே சுருதியில பேசிக்கிட்டே வருவாரு. என் படிப்பு, என் நாக்கு, எங்கப்பா என்னை வளத்த லட்சணம். சிக்னல்ல சிவப்பு விழுந்துச்சு. நான் கதவைத் திறந்தேன், இறங்கினேன், நடந்தேன். அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் நடந்தே வீட்டுக்குப் போனேன். செருப்பு கடிச்சு ரெண்டு குதிகாலும் புண்ணு. என் கல்யாணத்துக்கு அப்புறம் நல்லா இருந்த முக்கால் மணி நேரம் அதுதான்.

அவரு ஒரு வார்த்தை கேக்கலை. அடுத்த ஞாயித்துக்கிழமை காரைச் சுத்தம் பண்றேன்னு கீழ போனாரு. காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும். நான்தான் ரெண்டு தடவ டீ கொண்டு போய்க் குடுத்தேன். கதவு திறந்திருந்தது, பேப்பர் விரிச்சு உக்காந்திருந்தாரு, நான் வந்ததும் எந்திரிச்சு மறைச்சுக்கிட்டு வாங்கிக்கிட்டாரு. திங்கட்கிழமை கைப்பிடி தொளதொளத்துப் போச்சு.

சந்தேகப்பட்டேன்தான். ஆனா உடைஞ்சும் போயிருக்கலாம் இல்ல? பழைய வண்டி. கட்டின புருஷனைப் பத்தி அப்படி எடுத்த எடுப்புல நினைச்சுட முடியுமா? ஒரு வருஷம் மனசுக்குள்ள அவருக்கு வக்கீலா நானே நின்னேன். பொண்ணு அந்த வார்த்தையைச் சொன்ன அன்னிக்குத்தான் கத்தரிக்கோலை எடுத்தேன். குடையெல்லாம் இல்ல. முதல்ல சின்னதா வெட்டினேன், அதுக்கு டேப் ஒட்டிட்டாரு. அப்புறம் முழுசா ஒரே இழுப்பு. பொண்ணு அடுத்த வாரம் வர்றா, கிழிசலோட கார் நிக்கக்கூடாது இல்ல, அதான் இங்க வந்தோம்.

என்ன சொல்றீங்க? ... உடையலையா?

சரியாப் பாருங்க. கம்பி முழுசா இருக்கா? பூட்டுப் பக்கம் மாட்டாம விட்டிருக்கா? ... ஆடி சத்தம் போடாம இருக்க ஓரமா இழுத்துக் கட்டியிருக்கா? எதால?

காட்டுங்க. நகருங்க மாஸ்டர், நானே பாக்கறேன்.

கறுப்பு நூல்.

மெழுகு தடவினது. ரெட்டை முடிச்சு. வால் ஒட்ட நறுக்கியிருக்கு பாருங்க, சிஸ்டர் பாத்தா நூத்துக்கு நூறு போடுவாங்க.

...இல்ல, ஒண்ணுமில்ல. தண்ணியெல்லாம் வேணாம். கத்தரிக்கோலைக் குடுங்க. முடிச்சை நான் வெட்டறேன். கம்பியை நீங்க மாட்டுங்க. அவருக்குத் தெரிஞ்சுடுமான்னு நீங்க பயப்பட வேணாம், அவரு இந்தப் பக்கம் ஒரு நாளும் உக்காந்ததே இல்ல. மாட்டினீங்களா? ஷீட்டை ஒட்டுங்க. பேனலை வைங்க. கோடு நேரா இருக்கு, அழகா இருக்கு. கிளிப்பை அழுத்துங்க, அங்க ஒண்ணு விட்டுட்டீங்க. ஸ்க்ரூ.

நான் உள்ள உக்காந்துக்கறேன். நல்லா அழுத்திச் சாத்துங்க. நான் பேசறது கேக்குதா? கையை எடுங்க. வெளிக் கைப்பிடியைத் தொடாதீங்க. தள்ளி நில்லுங்க.

...

சாத்துங்க. இன்னொரு தடவ.

...

இன்னும் ஒரே தடவ மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க.

...

போதும். என்ன கேட்டீங்க? இறங்கிடுவீங்களான்னா? தெரியல. இன்னிக்கா, பொண்ணு வந்து போனப்புறமா, எனக்கே தெரியல. அவளை இந்த சீட்டுல உக்கார வச்சு இந்த நூலைக் கையில குடுக்கணும், அது மட்டும் தெரியும். அதைக் கீழ பெருக்கித் தள்ளிடாதீங்க. குடுங்க. என் பெட்டியில இருந்தது.

அதோ வர்றாரு பாருங்க, கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு. மேலதான் ஒட்டினேன்னு சொல்லிடுங்க. இப்ப நேரா வந்து எனக்குக் கதவைத் திறந்து விடுவாரு, டீக்காரரு மறுபடி வாயைப் பொளப்பாரு. நானும் ஏறி உக்காருவேன். வீட்டுக்குப் போற வழியில மூணு சிக்னல் இருக்கு.

வாங்க, வாங்க. ரொம்ப வலிக்குதா? ... பேசாதீங்க, வாய் கோணும். முடிஞ்சுதுங்க. நீங்க சொன்னபடி மேலதான் ஒட்டினாரு. பாருங்களேன், உள்ள கை வச்ச அடையாளமே தெரியல.