சாயத்தண்ணி

எனக்கு டீ வேண்டாம். வாங்கி வரச் சொன்னதற்கு நன்றி இன்ஸ்பெக்டர் அம்மா, அந்தக் கோப்பையை அப்படி ஓரமாக வையுங்கள், தண்ணீர் போதும். ஆயுசில் பாதியை டீ ஃபேக்டரியில் கழித்தவன் டீ குடிக்க மாட்டானாம் என்று உங்கள் கான்ஸ்டபிள் அப்போதிருந்து சிரிக்கிறார். சிரிக்கட்டும், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

என் பெயர் லூயிஸ். கோத்தகிரிப் பக்கம் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, டீமேக்கர் என்றால் தெரியும். இலை எவ்வளவு நேரம் வாட வேண்டும், அரைத்தது எப்போது நிறம் மாறும், டிரையர் சூடு போதுமா போதாதா, எல்லாம் டீமேக்கர் மூக்கிலும் நாக்கிலும் இருக்கிறது. ஒவ்வொரு முறை தூள் இறங்கும்போதும் ஒரு கோப்பை ஊற்றிக் குடித்துப் பார்ப்பேன். அப்போது குடித்தேன். அதை மறைக்கவில்லை.

இலை விலை விழுந்தது உங்களுக்குத் தெரியும். பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகாமல் தோட்டங்களைக் காடாக விட்டார்கள். எங்கள் முதலாளி குமாரசாமியும் ஃபேக்டரியைப் பூட்டினார். லயத்தில், அதுதான் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் எல்லாம் சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள். ஒரு முறை கடல் தாண்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள். கேரட் கழுவப் போனார்கள், மேட்டுப்பாளையத்துக்குச் சித்தாள் வேலைக்குப் போனார்கள். ஃபேக்டரியில் மாதா மாதம் கொடுத்த டீத்தூளும் நின்றுபோனது. டீ விளைகிற மலையில் இருந்துகொண்டு கடையில் கால் கிலோ பாக்கெட் வாங்கினார்கள். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அப்புறம் முதலாளி அதே கட்டடத்தில் பாட்டில் கழுவுகிற தொழிலைக் கொண்டுவந்தார். பழைய பிளாஸ்டிக் பாட்டில்களைச் சில்லுச் சில்லாக வெட்டி, காஸ்டிக் சோடா போட்ட வெந்நீரில் கழுவி, மூட்டை கட்டிக் கீழே அனுப்புவது. லேபிளும் பசையும் கழன்று வரும், மையும் கரையும். லயத்து ஜனங்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். தெய்வம்மா என்கிற பெண் முதல் நாள் மெஷினுக்குச் சூடம் காட்டிக் கும்பிட்டாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கழுவின தண்ணீர்தான் பிரச்சனை. கருநீலமாக வரும், கையில் பட்டால் வழுக்கும். ஃபேக்டரிக்குக் கீழே ஓடை. ஒரு சொட்டு அழுக்கு ஓடையில் கலந்தாலும் சீல் வைத்துவிடுவோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். சீல் வைத்தால் மறுபடி கேரட், மறுபடி சித்தாள். தண்ணீரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளியிடம் நானாகப் போய்ச் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் தொட்டியில் அமிலம் விட்டுக் காரத்தைக் குறைத்து, படிகாரம் போட்டுத் தெளிய விடுவேன். அடுத்த தொட்டியில் அடுக்குகள். அடியில் ஜல்லி, மேலே மணல், அதற்கு மேலே கரி. அப்படியும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் பொடி தப்பித்துப் போனது. நுண்ணெகிழி என்ற வார்த்தையையே பரிசோதனைக்கு வந்தவர்களிடம்தான் கற்றேன். எதைப் போட்டாலும் நிற்கவில்லை. கடைசியில் பழைய குடோனில் கிடந்த டீ நாரைப் போட்டுப் பார்த்தேன். டீத்தூள் சலிக்கும்போது மிஞ்சுமே, அந்தக் காம்பும் நாரும்தான். மேல் அடுக்காகப் பரப்பினேன். மை, பொடி எல்லாவற்றையும் அது வாங்கிக்கொண்டது. கீழே கண்ணாடி மாதிரி தண்ணீர் வந்தது. சோதித்துப் பார்த்த அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தண்ணீரிலிருந்து எடுத்ததை எங்கேயாவது வைக்க வேண்டும் இல்லையா. கையைக் குலுக்கியவர் இதைக் கேட்கவில்லை. முறைப்படி அந்த நாரைக் காயவைத்து, சீல் செய்து, சமவெளியில் அதற்கென்று இருக்கிற இடத்துக்கு லாரியில் அனுப்ப வேண்டும். முதலாளியிடம் கேட்டேன். "ஏனுங்க லூயிஸ், தண்ணி கிளீனா போகுதில்லீங்க? அப்பறம் என்னத்துக்கு லாரி?" என்றார். இரண்டாம் முறை கேட்டபோது காரில் ஏறிப் போய்விட்டார். மூன்றாம் முறை நான் கேட்கவில்லை.

ஈரத்தோடு வைத்தால் நாறும் என்று பழைய டிரையரில் போட்டுக் காயவைத்தேன். மூட்டை கட்டி, இலை வாட்டுகிற மாடியில் அடுக்கினேன். வேறு மூட்டையோடு கலந்துவிடக் கூடாதே என்று பெயிண்டில் 'சாயம்' என்று எழுதினேன். உள்ளே இருப்பது மைச்சாயம், யாரும் தொடாதே என்பதற்காக எழுதியது. எச்சரிக்கைதான் அம்மா, வேறு எண்ணமே அப்போது இல்லை. மாடி நிறைந்துகொண்டே வந்தது. யாராவது அதிகாரி படியேறினால் கதை முடிந்தது.

மாடி கூட்ட வந்த தெய்வம்மா அந்த எழுத்தைப் பார்த்தாள். நானும் அங்கேதான் நின்றேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு முகமெல்லாம் சிரித்தாள். "டீமேக்கரய்யா, ஸ்டோருல இன்னும் சாயம் வச்சிருக்கீங்களா? மொட்டைச் சாயத்தண்ணி குடிச்சு எத்தனை காலமாச்சு" என்றாள்.

சிலோன்காரர்கள் பால் ஊற்றாத டீயைச் சாயத்தண்ணி என்பார்கள். ஃபேக்டரியை ஸ்டோரு என்பார்கள். எனக்கு இது நன்றாகத் தெரியும். அவள் எதை எதுவாக எடுத்துக்கொண்டாள் என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

"ஒரு கை எடுத்துக்கட்டுங்களாய்யா?"

"எடுத்துக்கோ" என்றேன்.

மறுநாள் மடியில் முறுக்குக் கட்டிக்கொண்டு வந்தாள். "அப்பாடி, என்னா கடுப்பு. ஒரு சிட்டிகை போட்டா போதும், சாயம் எறங்கிக்கிட்டே இருக்கு" என்றாள். காஸ்டிக் பட்ட டீ நார் அப்படித்தான் கறுக்கும். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முறுக்கு நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் லயத்தில் நாலு வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். நான் மூட்டையை கேட் பக்கத்தில் இறக்கி வைத்தேன். தானாகக் குறைந்தது. இன்னொன்று இறக்கினேன். லாரி வேண்டாம், முதலாளியைக் கெஞ்ச வேண்டாம். மாடி காலியாகிக்கொண்டே வந்தது. ஜல்லி, மணல், கரி, நார். அதற்கு அடுத்த அடுக்கு லயத்து ஜனங்கள் என்று ஒருநாள் தொட்டி ஓரத்தில் நின்றபோது தோன்றியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, வால்வை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

டீயில் பசை நாற்றம் வருகிறது என்று ஒரு கிழவர் சொன்னார். அது எனக்குச் சுருக்கென்றது. எத்தனை வருஷத் தொழில். நாரை இரண்டு முறை சலித்தேன், டிரையர் சூட்டைக் கொஞ்சம் கூட்டினேன், ஏலக்காய்த் தோலை இடித்துக் கலந்தேன். அதன் பிறகு யாரும் குறை சொல்லவில்லை. குடித்துப் பார்க்காமல் செய்தது அது ஒன்றுதான். மற்றபடி நல்ல தூள்.

சிலருக்கு வாய் வெந்தது, சிலருக்கு வயிற்றெரிச்சல். மலைக் குளிர், காரச் சாப்பாடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தெய்வம்மாவின் மருமகள் இந்துமதி அப்போது முழுகாமல் இருந்தாள். மசக்கை அதிகம். சோறு ஆகாது, கஞ்சி ஆகாது. "சாயத்தண்ணி ஒண்ணுதான்யா தங்குது அவளுக்கு, நாள் பூரா அதுதான்" என்று தெய்வம்மா என்னிடமே சொன்னாள். நான் அதைக் கேட்டுக்கொண்டேன். பால் ஊற்றிக் கொடு என்று சொன்னேன். அந்த அளவுக்கு அக்கறை எடுத்தேன்.

இந்துமதி மெலிந்துகொண்டே போனாள். ஒரு திங்கட்கிழமை ரத்தமாக வாந்தி எடுத்தாள். அவள் புருஷன் தினகரன் எங்கள் கட்டிங் மெஷினில் வேலை செய்பவன், அப்படியே ஓடினான். குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, ஜீப்பில், தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

சாவு வீட்டுக்கு நான் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. அங்கே அடுப்பு மூட்ட மாட்டார்கள், பக்கத்து வீட்டில் டீ போட்டுக் கொண்டுவந்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். தட்டு என்னிடம் வந்தது. வேண்டாம் என்று கையைக் காட்டினேன். இரண்டாம் முறையும் வந்தது. அதற்கும் அப்படியே. இழவு வீட்டு டீயை எங்கள் பக்கம் யாரும் மறுப்பதில்லை. ஒரு வாயாவது நனைப்பார்கள். அது எனக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

தெய்வம்மாவுக்கு ஞாபகம் வந்தது. பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள். தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"ஸ்டோரு ஓடுனப்ப நாள் முழுக்கக் குடிப்பீங்களே அய்யா. எப்பத்துல இருந்து விட்டீங்க?"

"அல்சர், தெய்வம்மா."

"இந்த மூட்டை வந்ததுல இருந்து நான் பார்க்கிறேன். ஒரு நாள் குடிக்கலை நீங்க." அவள் அழவில்லை. கோப்பையை என் காலடியில் தரையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "என் மருமக குடிச்சதுதான். குடிங்க."

லயமே பார்த்துக்கொண்டிருந்தது. டீ ஆறியது. குடித்திருந்தால் என்னை நம்பியிருப்பார்கள், ஒரு வாய்தான். என்னால் முடியவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். தினகரன் எழுந்து ஃபேக்டரி மாடிக்குப் போய் மூட்டையைக் கிழித்துக் கொட்டினான். அதற்கு மேல் நடந்ததை உங்களிடம் சொல்லியிருப்பார்கள்.

தெரிந்துதான் கொடுத்தேன். முதல் கைப்பிடியிலிருந்து கடைசி மூட்டை வரை தெரியும். வக்கீல் வேண்டாம், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றைக்கே ஆள் அனுப்பி எங்கள் ஓடையில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துச் சோதித்துப் பாருங்கள். ஒரு துளி அழுக்கு இருக்காது. லயத்து ஜனங்கள் டீ போடுவது அந்த ஓடைத் தண்ணீரில்தான் அம்மா. அவர்களுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்றுதான் இத்தனை பாடும் பட்டேன்.