பத்திரமா போயிட்டு வா

எனக்கு டீ வேண்டாம், சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி போதும். நாள் முழுக்க அடுத்தவர் புலம்பலைப் படிக்கிற வேலை, முதுகு விட்டுப்போகிறது.

மனம் நொந்தவர்களோடு பேசுகிற சாட்பாட் ஒன்றை எங்கள் அலுவலகம் நடத்துகிறது. யாராவது விபரீதமாக எழுதினால் என் திரையில் சிவப்பு விளக்கு எரியும். ஆபத்து என்று தோன்றினால் நான் உடனே ஆளை அனுப்ப வேண்டும். அதுதான் என் பிழைப்பு.

வீட்டுக்குப் போனால் போனில் தங்கச்சி. புருஷனைப் பிரிந்து தனியாக இருந்தாள். "அண்ணா, இருக்கியா?" என்று மெசேஜில் ஆரம்பித்தால் ஓயமாட்டாள். எத்தனை தடவைதான் 'ம்' கொட்டுவது? பாசம் இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். பாசம் இருந்ததால்தான் என் பழைய மெசேஜ்களைக் கொடுத்து, அலுவலகச் சாட்பாட்டையே என்னைப் போலப் பேசப் பழக்கி, அவளுக்குப் பதில் சொல்ல விட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

அது என்னைவிட நல்ல அண்ணன். சலிக்காமல் கேட்டது. சாப்பிட்டியா என்று விசாரித்தது. அவள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். "இப்பல்லாம் எவ்ளோ பொறுமையா பேசுறண்ணா" என்று எழுதியிருந்தாள். எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த விளக்குதான் என் உயிரை வாங்கியது. 'போறேன்' என்று வந்தாலே எரியும். கடைக்குப் போறேன், குளிக்கப் போறேன், தூங்கப் போறேன். மண்டை காய்ந்துபோய், அந்தச் சொல்லுக்கு எரியாதபடி மாற்றிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. மறுக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் யாரும் வெறுமனே 'போறேன்' என்று சொல்லிக் கிளம்புவதில்லை. அம்மா விடமாட்டாள். 'போயிட்டு வரேன்'தான். அன்று மதியம் தங்கச்சி எழுதியது இவ்வளவுதான்: "போறேண்ணா."

"சரிம்மா, பத்திரமா போயிட்டு வா" என்று பதில் போயிருக்கிறது.

விளக்கு எரியவில்லை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பார்ப்பதற்குள் அவள் உயிரை விட்டிருந்தாள்.

அவள் போனைக் காட்டி அம்மா அழுதாள். "கடைசியா உன்கிட்டதாண்டா பேசியிருக்கா. எவ்ளோ அன்பா பேசியிருக்க!" ஆமாம்மா என்றேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்ல முடியும்?

இப்போது அம்மாவும் ஓயாமல் மெசேஜ் அனுப்புகிறாள். பாவம், பெற்ற வயிறு. எனக்கோ களைப்பாக இருக்கிறது. போன வாரம் அவள் நம்பரையும் அந்தச் சாட்பாட்டிடம் கொடுத்துவிட்டேன். நான் இங்கே விசாரணைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது. இந்நேரம், சாப்பிட்டியாம்மா என்று நான் அவளைக் கேட்டிருப்பேன்.