கவிஞர் வீட்டில் மௌன அஞ்சலி

“மௌன அஞ்சலி நடக்கிறப்ப செத்தவரே துண்டோட வந்து நின்னாரு லா.”

பாலிக் புலாவ் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பள்ளி மாணவி இப்படிச் சொன்னதால், நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. முந்தைய நாள் லிட்டில் இந்தியாவில், மறைந்த எழுத்தாளர்கள் வாழ்ந்த வீடுகளைக் காட்ட மாணவர்களை அழைத்துப் போயிருக்கிறார்கள். காய்ச்சலால் போக முடியாத தோழி பக்கத்தில் உட்கார்ந்து துருவிக்கொண்டிருந்தாள்.

“எந்தச் செத்தவரு?”

“கவிஞர் வீடுன்னு நினைச்சு டீச்சர் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்த வீட்டு ஆன்ட்டியும் யாரு என்னன்னு கேக்காம உள்ள வாங்கன்னாங்க. சாமி படத்துக்குப் பக்கத்துல ஒரு அங்கிள் போட்டோ பெருசா மாட்டியிருந்துச்சு. டீச்சர் அதுக்கு மாலை போட்டு, எல்லாரையும் எழுந்து நிக்கச் சொன்னாங்க. அப்பதான் அந்த அங்கிளே குளிச்சிட்டு வந்தாரு.”

“ஐயோ. திட்டுனாரா?”

“இல்ல. நாங்க நிக்கிறதப் பார்த்து அவரும் கைகட்டி நின்னாரு.”

“டீச்சர்?”

“கவிஞரோட தம்பின்னு நினைச்சிட்டாங்க. முடிஞ்சதும் அவரு மாலையப் பார்த்தாரு. மெதுவா, எப்பன்னு கேட்டாரு. பத்து வருஷமாச்சு அங்கிள்னு டீச்சர் சொன்னாங்க. அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாரு.”

“பாவம் லா.”

“டீச்சர் ஆறுதல் சொன்னாங்க. உடம்புதான் போச்சு, எழுதுனதெல்லாம் நிக்கும்னாங்க.”

“அதுக்கு?”

“நான் ஒரு வரிகூட எழுதலயேம்மான்னு அழ ஆரம்பிச்சிட்டாரு.”